எண்ணெய் காயாத நாட்கள்

மூட்டுவாதம் எனக்கு முப்பத்தைந்து வயதுக்குள் வந்துவிட்டது. அரசாங்கத்தில் எதற்கும் வரிசை உண்டு என்று நம்பியிருந்தவன் நான். இது மட்டும் பணிமூப்பு பார்க்காமல் வந்தது. எழுபதுகளின் தொடக்கம். எலப்புள்ளிக்குக் கிழக்கே, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற எல்லையில் எங்கள் ஊர். தாலுக்கா ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் விரல் கணுக்கள் வீங்கிச் சட்டைப் பொத்தான் போட வராது, மனைவிதான் போட்டுவிடுவாள். ஆபீசில் பேனாவை இரண்டு விரலுக்கு நடுவே செருகிக்கொண்டு எழுதுவேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று மேலதிகாரி விளக்கம் கேட்டார். விளக்கத்தையும் அதே கையால்தான் எழுத வேண்டியிருந்தது.

வலியைக்கூடச் சமாளிக்கலாம். தூக்கம்தான் என் பிரச்சினை. படுத்தால் முழங்கால் பேச ஆரம்பிக்கும், பிறகு மணிக்கட்டு, பிறகு தோள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும். இதற்கு ஒரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். வைத்தியர் கொடுத்த தைலத்தை மனைவி இரும்புக் கரண்டியில் ஊற்றி, அடுப்பில் கை பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி, ஒவ்வொரு மூட்டாகத் தேய்த்துவிடுவாள். பூண்டும் நல்லெண்ணெயும் கலந்த அந்த வாடை வீதி முழுக்கப் போகும். சூடு உள்ளே இறங்கியதும் சில மணி நேரம் தூங்குவேன். அந்தச் சில மணி நேரத்தை வைத்துத்தான் நான் மறுநாள் மனிதனாக நடமாடினேன்.

அந்த வருஷம் காலரா வந்தது. உலகத்தில் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள் அதை வெளிநாட்டுச் செய்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். வாய்க்காலுக்கு மேலே இரண்டு ஊர்களில் வாந்திபேதி என்று தெரிந்ததும் உலகம் பக்கத்தில் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாக் கட்டிலும் அதற்கே என்று ஆயிற்று. வாரா வாரம் மாத்திரை வாங்கப் போகிற எனக்கு வாசலிலேயே ஆள் நின்றான்.

"சாரே, வயிறிளக்கம் உண்டோ?"

"இல்லை. கை கால் மூட்டு வலி. பழைய கேஸ்."

"சர்த்தி?"

"வாந்தியும் இல்லை."

"எங்கில் சாருக்கு ஒண்ணும் இல்லல்லோ. எல்லாம் ஒதுங்கட்டே, பின்னெ வந்தால் மதி."

எல்லாம் அடங்கிய பிறகு வந்தால் போதுமாம். விதிப்படி அவன் செய்தது சரி. தொற்று நோய்க் காலத்தில் எது அவசரம், எது காத்திருக்கலாம் என்ற உத்தரவு எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் போயிருந்தது. அதை நகல் எடுத்தவன் நான். காத்திருக்கக்கூடியவர்களின் பட்டியலில் என்னை நானே சேர்த்திருக்கிறேன் என்பது வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

இந்தச் சமயத்தில்தான் ஊர் கூடி மாரியம்மனுக்குச் சாட்டுப் போட்டது, அதாவது நோன்பு அறிவித்தது. கோயில் முன்னால் கம்பம் நட்டு, பறை அடித்துச் சொல்லிவிட்டால் அது முடிகிற வரை ஊருக்குத் தனிச் சட்டம். எந்த வீட்டிலும் எண்ணெய் காயக் கூடாது, தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. அம்மனுக்குச் சூடு ஆகாது. ஊர்க்காரர்கள் யாரும் பொழுது இறங்கியபின் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. தங்கினால் சாட்டு முறிந்துவிடும். முதல் விதி என் தைலத்தை நிறுத்தியது. கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் படுக்கையில் சேரலாம் என்றால் இரண்டாவது விதி குறுக்கே படுத்திருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் கிணறுகளில் பவுடர் போட்டுவிட்டுப் போனார். வாடை அடிக்கிறது என்று ஊர் வாய்க்கால் தண்ணீரைக் குடித்தது. அதற்கு விதி எதுவும் இல்லை.

வெந்நீர் ஒத்தடத்துக்குத் தடை கிடையாது. துணி ஆறும்வரை சுகமாக இருக்கும். ஆறியதும் வலி வட்டியோடு வரும்.

தூங்காதவனின் மனம் எப்படிக் கெடும் என்பதைப் பற்றி எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. முதலில் கோபம் வந்தது. தட்டு வைக்கும் சத்தத்துக்கு மனைவி மேல் பாய்ந்தேன். பிறகு கோபமும் போய்விட்டது. ஆபீசில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். எழுத்து தெரியும், அர்த்தம் வராது. பழைய கட்டுகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழும்போது மூக்கைத் துடைக்கக் கை மேலே வராது. அதை நினைத்துச் சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கே பயமாகிவிட்டது.

காலரா வந்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர்களுக்குக் கட்டில் உண்டு, ஊசி உண்டு, ஒரு முடிவு உண்டு. காலையில் ஆரம்பித்தால் மாலைக்குள் இப்படியோ அப்படியோ தீர்ந்துவிடும். கொதிக்க வைத்த தண்ணீரை மனைவி கொடுத்தால், எதற்கு இது என்று தோன்றும். ஒரு நாள் வாய்க்கால் கரையில் குனிந்து ஒரு கை அள்ளினேன். விரல் மடங்காததால் தண்ணீர் ஒழுகிவிட்டது. பின்னால் வந்துகொண்டிருந்த மனைவி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து என்னைத் தனியாக எங்கும் விடவில்லை.

அவள் சொல்லித்தான் ஊர்க்கவுண்டரிடம் போனேன். எங்களுக்கு உறவு, மாமன் முறை.

"தைலம் சமையல் இல்லீங்க மாமா," என்றேன். "தாளிக்கிறதுதானே ஆகாது? கடுகு வெடிக்கலீங்க, கறிவேப்பிலை இல்லீங்க. இது மருந்துங்க."

"எண்ணெய் காயுதா இல்லையா மாப்ளே?"

"காயுதுங்க."

"அப்பறமென்ன? உங்க ஆபீசுக்கு நான் வந்து, பத்தாந்தேதி கடைசி நாளு, எனக்காகப் பதினொண்ணு ஆக்குங்கன்னு கேட்டா ஆக்குவீங்களா?"

"மாட்டேனுங்க."

"ஒரு நாளு கோழி கூப்பிட எந்திரிச்சு வந்திருந்தேன் உங்ககிட்ட, பட்டா விசயமா. முத்திரை ஒட்டலைன்னு திருப்பி அனுப்புனீங்க. எனக்கு வருத்தமில்லீங்க. சட்டம்னா சட்டம்." பிறகு குரலைத் தணித்தார். "நாளைக்கு எவன் ஊட்லயாச்சும் ஒரு உசிரு போச்சுன்னா, உங்கூட்டு எண்ணெய் வாடைனாலதான்னு சொல்லுவாங்க மாப்ளே. அதை நீங்க தாங்குவீங்களா? தூங்காததைத் தாங்கிக்கலாம்."

எழுந்துகொண்டேன். ஆனால் திரும்பி நடக்கும்போது என் தொழில்புத்தி வேலை செய்தது. தடை எல்லைக்குள்தான். வெளியே தங்கக் கூடாது என்பது பொழுது இறங்கிய பின்புதான். ஆகவே பகலில், எல்லைக்கு வெளியே, எண்ணெய் காயலாம், மனிதன் தூங்கலாம். ஊரே சேர்ந்து போட்ட சட்டத்தில் இப்படி ஒரு சந்து இருந்ததை நான் மட்டும் கண்டேன். எனக்குள் ஒரு குமாஸ்தா இன்னும் உயிரோடு இருந்தான்.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஊர் எல்லையான வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என் மைத்துனருடைய தோட்டத்துச் சாளைக்குப் போனோம். சாளை என்பது காவலுக்குத் தங்கும் குடிசை. மனைவி மூன்று கல் வைத்துக் கரண்டியைக் காய வைத்தாள். திருடுவது போல இருக்கிறது என்றாள். தோளில் ஆரம்பித்துக் கணுக்கால் வரை தேய்த்தாள். உச்சி வெயில் ஓலைக்குள்ளிருந்து பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"வெயில் சாயறப்ப எழுப்பிவிடு," என்றேன். "பொழுதுக்குள்ள வாய்க்கால் தாண்டணும்."

"சரீங்க. கண்ணை மூடுங்க மொதல்ல."

கண் விழித்தபோது வெளிச்சம் கிழக்கிலிருந்து வந்தது. எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. மனைவி கதவருகே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தூங்கியிருக்கவில்லை.

"ஏன் எழுப்பலை?"

"குறட்டை விட்டீங்க. எத்தனை நாளாச்சுங்க அதைக் கேட்டு. கை வெச்சேன் எழுப்பலாமுன்னு. வெச்ச கையை எடுத்துக்கிட்டேன்."

வாய்க்கால் கரையில் ஊர்க்கவுண்டரும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். எங்கள் வீடு பூட்டியிருந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். கம்பத்தின் முன்னால் நிறுத்தித்தான் கேட்டார்கள். நான் சட்டப்படி பேச வாய் திறந்தேன். பகலில் போனது, உள்நோக்கம் இல்லாதது, இன்ன பிற. கவுண்டர் என்னை விட்டு என் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு கண்ணு. தெரிஞ்சுதானே விட்டே?"

"தெரிஞ்சுதானுங்க மாமா. எழுப்பியிருந்தா இவரு எனக்கு இல்லாமப் போயிருப்பாரு. இவரு வாய்க்கால் தண்ணியை அள்ளுனதை நான் பார்த்தேனுங்க."

கூட்டத்தில் ஒரு பெண், "அப்ப நாங்க மட்டும் பொணம் தூக்கோணுமா?" என்றாள். அவள் கணவன் பேதியில் படுத்திருந்தான். யாரும் அதட்டவில்லை.

சாட்டு முறிந்தது. முறிந்தால் முதலிலிருந்து மறுபடி. புதுக் கம்பம், புதுப் பறை, எல்லா நாட்களும் புதிதாக. முடியப் பாதி நாட்கள் இருந்ததை முழுவதுமாக ஆக்கிக்கொடுத்தவன் நான். நிச்சயம் செய்த கல்யாணங்கள் தள்ளிப்போயின. எண்ணெய் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, யார் வீட்டிலும் காயப் போவதில்லை. கவுண்டர் சாளைக்குப் போகும் வரப்பில் பகலிலும் ஆள் நிறுத்தினார். நான் கண்ட ஓட்டையை அடைக்க அவருக்கு ஒரே ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. திருத்தம் என்றால் அதுதான் திருத்தம். எங்கள் ஆபீசில் மூன்று வருஷம் ஆகும்.

வீட்டுக்கு வந்தோம். மத்தியானம் வரை உடம்பு லேசாக இருந்தது. என் கையாலேயே சோறு பிசைந்து சாப்பிட்டேன். சாயங்காலம் பறைக்காரர்கள் வீதி வீதியாகப் புதுச் சாட்டைச் சொல்லிக்கொண்டு வரும்போது, முதலில் வலது மணிக்கட்டு தொடங்கியது.

அதுவரை தூக்கம் என்றால் என்ன என்பதை ஏறக்குறைய மறந்திருந்தேன். மறதியில் ஒருவித மரத்துப்போன அமைதி இருந்தது. இப்போது அது எப்படி இருக்கும் என்று உடம்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொண்டு எப்படிக் கிடப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி அடுப்பில் வெந்நீர் வைத்தாள். துணியைப் பிழிந்து என் முழங்காலில் போட்டாள். ஆறியது. மறுபடி நனைத்தாள்.