அத்தான் அடைத்த காஸ்

எங்கள் அன்பு அக்கா கண்மூடி இன்றோடு முப்பத்தொரு நாட்கள். "அவாவின்ர நினைவு மலருக்கு நீதான் எழுதோணும்" என்று உறவுகள் எல்லாரும் ஒரே பிடியாய் நின்றுவிட்டார்கள். கார்களுக்கு ஏ.சி. திருத்துகிறவனுக்கு எழுத்து எங்கே வரும்? பொனற்றைத் திறந்தால் கை தானாக ஓடும், கொப்பியைத் திறந்தால் நின்றுவிடும். ஆனாலும் அக்காவைப் பற்றி என்னிடம் மட்டும் ஒரு விஷயம் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் இன்றைய மதியபோசனத்தில் உங்களோடு இருந்து சாப்பிட என்னால் முடியாது.

அக்கா உடையார்கட்டில் பிறந்தார். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு எனக்குத் தலைவாரி விட்டதும், குழப்படி செய்தால் முதுகில் ஒன்று போட்டதும் அக்காதான். படிப்பு முடிந்ததும் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஊருக்கே சீனி நிறுத்துக் கொடுத்த கை அது. ஒரு கிராம் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. "தம்பி எண்டாவது ஒரு பிடி கூடப் போடுங்கோவன் அக்கா" என்று கேட்டால், "வரிசையில நில்லடா" என்பார். சொந்தத் தம்பிக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்கள் வாய் திறப்பார்களா?

அத்தான் குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சமாதான காலத்தில் அத்தான் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினார். அதன் ஏ.சி.க்குக் கொழும்பிலிருந்து காஸ் கொண்டுவந்து, தன் கையாலேயே அடைத்தார். அன்று மத்தியானம் அக்காவை முன் சீற்றில் இருத்தி, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டு வரை ஓடினார். "வன்னி வெயிலுக்க எனக்குக் குளிர் காட்டின மனுசன்" என்று அக்கா அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் காதுகளைத் தேய வைத்தார்.

கடைசி யுத்தத்தில் காரைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டு நடந்தோம். பிறகு நடந்தவற்றை உங்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. எல்லாம் முடிந்து வரும் வழியில், இராணுவச் சோதனைச்சாவடியில், "பேர் பதிஞ்சுபோட்டு வாறன்" என்று பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தான் திரும்பி வரவேயில்லை. அக்கா அவருடைய படத்தோடு ஏறி இறங்காத வாசல் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களைப் வேலிப் படலையிலேயே திருப்பி அனுப்பினார். நெற்றிப் பொட்டை ஒருநாளும் வைக்காமல் விட்டதில்லை.

மீளக் குடியேறிய போது கொட்டில் காரின் மேல் சரிந்து கிடந்தது. ரயர் இல்லை, பற்றரி இல்லை, சீற்றுகளும் இல்லை. பொனற்றுக்குள் பற்றரியைத் தவிர ஒன்றிலும் ஒருவரும் கை வைக்கவில்லை. நான் பார்த்துப் பார்த்து அதை ஓட வைத்தேன். ஆனால் ஏ.சி.யைத் தொட அக்கா விடவில்லை.

"அதுக்குள்ள அவர் அடைச்ச காஸ் இருக்கு. தொட்டியெண்டால் கை முறியும்."

"அக்கா, அது பழைய காஸ். இப்ப ஒரு இடமும் விக்கிறேல்லை. புதுக் காஸுக்கு மாத்தினால்தான் உது குளிரும்."

"விக்காததைத்தானேடா நான் வைச்சிருக்கிறன்."

நான் பொனற்றை இறக்கி மூடினேன்.

பிறகு அக்காவின் சிறுநீரகங்கள் பழுதாகின. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்குப் போக வேண்டும். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது அந்த வெக்கையில் தலை சாய்ந்து, வாந்தி எடுத்து, பார்க்கப் பாவமாக இருக்கும். ஒருநாள் வழியில் மயங்கி, அறிவே இல்லாமல் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இறங்கி வந்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. பழைய காஸை வெளியே விடாமல் ஒரு சிலிண்டரில் எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும்.

கிளிநொச்சியில் என் கராச்சில், கதிரையைக் காருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அக்கா இருந்தார். நான் குழாயில் காஸின் அமுக்கம் பார்க்கும் மீற்றரைப் பூட்டினேன். ஊசி அசையவில்லை. பூச்சியத்தில் கிடந்தது. குனிந்து பார்த்தேன். முன்பக்கம் ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் காஸ் ஓடும் கண்டென்சரில் நகத்தளவு இரும்புத் துண்டு ஒன்று குத்தி நின்றது. யுத்தத்தில் விழுந்து வெடித்த செல் துண்டு. நாங்கள் விட்டுவிட்டு நடந்த அந்த நாட்களிலேயே காஸ் முழுவதும் போயிருக்கிறது. இத்தனை வருடமும் அக்கா காவல் காத்தது வெறும் குழாயை.

"இருக்கோடா?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தேன். "இருக்கு அக்கா" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்கா பார்க்கக் காரில் ஒரு நீளக் குழாயைப் பூட்டி, மற்ற முனையைக் கராச்சின் பின்பக்கம் இழுத்துப் போய், சின்னச் சிலிண்டர் ஒன்றை ஐஸ் வாளிக்குள் இறக்கி, கடையில் வாங்கிய புதுக் காஸை அதற்குள் இழுத்தேன். ஐஸில் வைத்தால்தான் காஸ் நன்றாக இறங்கும். துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "குளிருதடா" என்றார். பிறகு சங்கக்கடைக்காரி ஆயிற்றே, கையில் தூக்கிப் பார்த்து, "போத்தலின்ர பாரத்தை விட்டால் அரைக் கிலோ வரும்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு கண்டென்சரை மாற்றினேன். பழைய ஒயிலைக் கழுவி எடுத்தேன், இறப்பர் வளையங்களை எல்லாம் மாற்றினேன், புது ஒயிலும் புதுக் காஸும் விட்டேன். கார் அருமையாகக் குளிர்ந்தது. அக்கா வவுனியாவுக்குப் போர்வையோடு போய் வந்தார். சிலிண்டர் அலுமாரியில் அவருடைய கூறைச் சேலைக்குப் பக்கத்தில் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் அக்கா என்னைக் கூப்பிட்டு அந்தச் சிலிண்டரை நீட்டினார்.

"இதை ஒருக்கா காருக்குள்ள அடை. நான் இருந்து பாக்கோணும்."

"ரெண்டு காஸும் ஒரு குழாய்க்குள்ள சேரக்கூடாது அக்கா."

"அப்ப புதுசை எடுத்துப்போட்டு அடை. உனக்குத் தெரியாத வேலையே?"

செய்தேன். புதுக் காஸை எடுத்துவிட்டு, அதே புதுக் காஸை அந்தச் சிலிண்டரிலிருந்து திரும்ப அடைத்தேன். என்னைவிடப் பைத்தியக்காரன் இந்தக் கிளிநொச்சியில் இருப்பானா? அக்கா முன் சீற்றில் ஏறி, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றச் சொல்லி, என்னை இறங்கச் சொன்னார். நான் வேப்ப மரத்தடியில் நின்றேன். நல்ல பகல் வெளிச்சம். கண்ணாடிக்குள் அக்கா சாரதி சீற்றைப் பார்த்தபடி கதைத்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. இடையில் கையை நீட்டி அந்த வெறும் சீற்றைத் தடவினார்.

கால்மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தார்.

"வரேல்லையடா."

"ஆர் அக்கா?"

"அவர்தான். அவற்ற காஸ் குளிரக் குளிர இருந்து கூப்பிட்டன். செத்திருந்தால் அதுக்குள்ள என்னட்ட வராமல் விடமாட்டார். வரேல்லை." பிறகு சிரித்தார். அப்படி அவர் சிரித்து எத்தனையோ வருடம். "அப்ப மனுசன் எங்கயோ இருக்கிறார் எல்லே?"

"ஓம் அக்கா" என்றேன். அன்று அவர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அது என் கடைக் காஸ். அதற்குள் அத்தான் எப்படி வருவார்? இருந்தாலென்ன, இறந்தாலென்ன, அவர் வர ஒரு வழியையும் நான் விட்டுவைக்கவில்லையே. இப்போது ஆருடைய காருக்கு மீற்றர் பூட்டி ஊசி அசையாமல் கிடந்தாலும், பக்கத்தில் "இருக்கோடா?" என்ற குரல் கேட்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். ஏற்றிய கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் வாயசைத்தால் நெஞ்சு திடுக்கிடுகிறது.

கடைசி நாட்களில், ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்தபடி அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்ர சாவு நோட்டீசிலயும் மலரிலயும் அவற்ற பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' எண்டு போட்டிடாத." அடுத்த வெள்ளிக்கிழமை காலை, என் கையைப் பிடித்தபடி அமைதியாக அடங்கினார்.

இந்த மலரின் முதற்பக்கத்தில் அத்தானின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இல்லாதது அச்சுப்பிழை அல்ல. அச்சகம் முறைப்படி போட்டுத்தான் தந்தது. பெரியவர்கள் சிலர் என்னோடு கோபித்தும் விட்டார்கள். நான்தான் வெட்டினேன். மன்னியுங்கள். இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை.

அக்காவின் நோய்க்காலத்தில் பிள்ளையைப் போலப் பார்த்த தாதியருக்கும், நாங்கள் வவுனியாவில் நின்ற நாட்களில் வீட்டுக்கு விளக்கு வைத்த அயலவர்களுக்கும், பாடையைச் சுமந்த தோள்களுக்கும், வெளிநாடுகளிலிருந்து அழைத்து அழுதவர்களுக்கும், இன்றைய கிரியைகளில் கலந்துகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றிகள்.

மலரில் ஒரு பிரதியை அத்தானுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அத்தான், நீங்கள் வந்தால் இந்தப் பக்கத்தை முதலில் வாசியுங்கள். அக்கா உங்களைக் கூப்பிட்டது உங்கள் காஸுக்குள் இருந்து அல்ல. அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. உங்களிடம் சொல்லுகிறேன், அடிக்க வேண்டுமென்றால் வந்து அடியுங்கள்.