திருப்பி வைத்த படங்கள்

எங்கள் வரவேற்பறைச் சுவரில் இரண்டு படங்கள் தொங்குகின்றன. ஒன்று, ஊரில் நடந்த போரின் கடைசி நாட்களில் காணாமல் போன என் தம்பியுடையது. மற்றது, ஆற்றங்கரையில் ஒரு வாழைக்குலையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு சிரிக்கும் சிறுமியுடையது. யாரென்று கேட்பவர்களிடம், முறைக்கு எனக்கு மகள் என்று சொல்கிறேன்.

அந்தப் படம் முன்பு ஒரு ஓய்வுபெற்ற தாதியிடம் இருந்தது. ஹம்பேர்க்கில் நான் வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் முதியவர்களில் அவரும் ஒருவர். பாதி வாழ்க்கையைப் பிரேசில் காட்டில், யனோமாமி பழங்குடி மக்களுக்கான மருத்துவ நிலையத்தில் கழித்தவர். மகா பிடிவாதக்காரி. மாத்திரை கொடுக்கப் போனால் எனக்கே பாடம் எடுப்பார். அவர் வீட்டுச் சுவரில் பல படங்கள் முகம் தெரியாமல் திரும்பியிருந்தன. முதல் நாள் ஒன்றைச் சரியாக மாட்டப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

யனோமாமிகள் இறந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார்களாம், படத்தையும் வைத்திருக்க மாட்டார்களாம். எல்லாம் எரிந்தால்தான் போனவருக்கு நிம்மதி. இவருக்கு எரிக்க மனம் வரவில்லை, திருப்பி மட்டும் வைத்தார். காட்டில் இன்னும் வேலை செய்யும் சிநேகிதி தொலைபேசியில் செய்தி சொல்வார். தங்கம் தோண்டுகிறவர்கள் களவாக நுழைந்து ஆற்றைச் சேறும் பாதரசமுமாக்கினார்கள். மீன் நஞ்சாகியது. தோண்டிய குழிகளில் நுளம்பு பெருகி மலேரியா வந்தது. காய்ச்சலில் கிடந்தவர்களால் தோட்டம் செய்ய முடியவில்லை, பிள்ளைகள் பசியில் வற்றிப்போனார்கள். ஒவ்வொரு சாவுச் செய்திக்கும் ஒரு படம் திரும்பியது. அவர் கையில் பிறந்த பிள்ளைகளும் அவற்றில் இருந்தார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். தம்பியின் படத்துக்கு இன்றுவரை மாலை போட விடாதவர் அம்மா. போட்டால் அவன் இல்லையென்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"பாவம், அவவுக்கும் விட்டுவிட ஏலாது பிள்ளை," என்றார்.

நோய் முற்றியபோது தாதி தன் சிறு தோட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்தபடி, திருப்பி வைத்த படங்களை ஒவ்வொன்றாகத் தானே நெருப்பில் இட்டார். போக வேண்டியவர்களை இவ்வளவு காலமும் பிடித்து வைத்திருந்துவிட்டேன் என்று அழுதார். எனக்கும் தாங்கவில்லை. திரும்பாமல் எஞ்சியிருந்த ஒரே படத்தை என் மடியில் வைத்தார். பெயரைச் சொல்லவில்லை. அங்கே உயிரோடிருப்பவர்களையும் எங்களைப் போல முறை சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். அவரை அம்மா என்று கூப்பிட்ட பிள்ளை அது. இனி எனக்கு மகள் முறை.

"இவள் இருக்கிறாள். செய்தி வந்தால் என்ன செய்வதென்று உனக்குத் தெரியும்," என்றார்.

அந்த வசந்தத்திலேயே அவர் போய்விட்டார். சிநேகிதி இப்போது எனக்குத்தான் தொலைபேசி எடுக்கிறார். போன கிழமை எடுத்தபோது, தோண்டுகிறவர்கள் புதிய படகுகளோடு திரும்பி வந்துவிட்டார்கள், சிறுமியின் ஊரார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று தெரியவில்லை என்றார். நான் தொலைபேசியை வைப்பதற்குள் அம்மா சிறுமியின் படத்தடியில் போய் நின்றார்.

"திருப்பவேணுமோ பிள்ளை?"

"இன்னும் ஒண்டும் தெரியாதாம், அம்மா."

அம்மா சேலைத் தலைப்பால் அந்தச் சிறுமியின் முகத்தைத் துடைத்தார். பிறகு, வழக்கம்போல, தம்பியின் முகத்தையும் துடைத்தார்.