சரிவுப் படத்தில் கேட்ட பெயர்

1. நாடாவை ஓடவிட்ட நாள்

அந்த ஒலிநாடாவை முதன்முதலாக ஓடவிட்டபோது கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி ஜமால் பாய், அவருடைய அக்கா மகன் அன்வர், சேலத்திலிருந்து வந்திருந்த, சரிவுப் படத்தின் ரசிகர் குரூப்பின் தலைவர் குணசேகரன், நான். இல்லாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் டைரக்டர் காலமாகிவிட்டார். ஒலிப்பதிவு செய்தவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நாடாவில் கத்தியிருந்த எங்கள் மலையின் தேவனூர் நாட்டு ஜனங்களில் ஒருவர்கூட வரவில்லை. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. மலைக்காரன் என்று அந்த அறையில் நான் ஒருவன்தான், நானும் அந்தப் படம் வந்து வெகுகாலம் கழித்துப் பிறந்தவன்.

பழைய படங்களின் ஒலியைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று அன்வர் சொன்னதால் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்துவிட்டு மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் பாயின் கடையில் சேர்ந்தேன். அவருடைய அப்பா காலத்தில் அது கேசட் வாடகைக்கு விடும் கடை. இப்போது கல்யாணக் கேசட்டுகளை மாற்றிக் கொடுக்கிறோம். உரிமை வாங்கிய பழைய படங்களைச் சுத்தப்படுத்தி டிஸ்க்காகவும் வெளியிடுகிறோம்.

மழைக்காலத்தில் மலை சரிந்து ஒரு ஊர் முழுக்கப் புதைந்துபோவதுதான் அந்தப் படத்தின் கதை. அதற்கு வேறு பெயர் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அது சரிவுப் படம். கிளைமாக்ஸை எங்கள் மலையிலேயே, எங்கள் ஜனங்களை ஓடவிட்டு எடுத்தார்கள். கேசட்டில் வந்தபோது அந்தக் காட்சி வெறும் இருட்டாக இருந்தது. டிவியில் போட்டபோது பாதியை வெட்டிவிட்டார்கள். அதனால் இந்த டிஸ்க்குக்காகக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

"தம்பி, நானும் என்ற சம்சாரமும் பேசிப் பழகுனதே இந்தப் படத்துக்கு டிக்கெட் எடுக்கற க்யூவுலதான்" என்றார் குணசேகரன். "அவ இன்னும் கிளைமாக்ஸை முழுசாப் பார்க்கல. கூட்டத்துல மயங்கிட்டா. டிஸ்க் வர்றதுக்குள்ள எங்களுக்கு வயசாயிரும் போலிருக்குது."

அவருடைய குரூப்பில் மண்ணில் மூழ்குகிற பஸ் நீலமா பச்சையா என்று ஒரு சண்டை வெகுநாளாக நடந்துகொண்டிருந்தது. நாங்கள் பிலிமை ஸ்கேன் செய்தபோது அது நீலம் என்று தெரிந்ததும் இரண்டு பேர் குரூப்பை விட்டே போய்விட்டார்கள்.

தயாரிப்பாளர் வீட்டில் பிலிம் டப்பாக்களோடு ஒரு மேக்னெடிக் நாடாவும் கொடுத்திருந்தார்கள். படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே பதிவு செய்த ஜனக்கூட்டத்தின் சத்தம் அதில் இருந்தது. படத்தில் அதை இசைக்கு அடியில் அமுக்கி வைத்திருந்ததால், தியேட்டரில் யாரும் அதைத் தெளிவாகக் கேட்டதில்லை.

முதலில் மழை. தண்ணி லாரியிலிருந்து அடித்த மழைதான், ஆனாலும் அறை குளிர்ந்தது போல இருந்தது. பிறகு அலறல். நான் இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். குறையக் குறைய அலறல் என்று நினைத்தது பெயர் பெயராகப் பிரிந்தது. எல்லாரும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வயதான ஒரு குரல், "அரப்பளீ... அரப்பளீ..." என்று நீட்டியது.

என் பெயர் அரப்பளி.

"என்ன தம்பி, உன்னையத்தான் தேடறாங்களாட்ட இருக்குது" என்றார் பாய். சிரிப்பதற்காகச் சொன்னார். அவரே சிரிக்கவில்லை.

2. அப்பாவின் காதில்

அந்த டிஸ்க்கில் கூட்டத்தின் குரலுக்கும் சப்டைட்டில் வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டிருந்தார்கள். அதனால் லேப்டாப்பை மலைக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் ஹெட்போனை மாட்டினேன். சிறுவனாக அந்தக் காட்சியில் அவரும் ஓடியவர்.

"இது மாசிப் பெரியப்பனைக் கூப்புடறது. இது பண்டாரம் பொண்டாட்டிய. அட, இது எங்க அப்புச்சி பேரு, எங்கம்மாவப் பெத்தவரு!" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அவங்கெல்லாம் அன்னைக்கு ஓடுனாங்களா?"

"எங்க ஓடறது? எல்லாரும் அதுக்கு முன்னாலயே செத்துப் போனவங்க." நான் விழிப்பதைப் பார்த்து விளக்கினார். "சினிமாக்காரங்க, 'உங்க சொந்தக்காரங்க மண்ணுக்குள்ள போயிட்டாங்க, பேரைச் சொல்லிக் கத்துங்க'ன்னாங்க. உசுரோட இருக்கறவங்க பேரைச் சொல்லி எப்படிக் கண்ணு கத்தறது? பெரியவங்க கலந்து பேசி, போனவங்க பேரை மட்டும்தான் சொல்லோணும்னு முடிவு பண்ணுனாங்க."

"அரப்பளின்னு..."

"அது உன்னையில்ல. எங்க தாத்தன். அவரு பேரைத்தான உனக்கு வெச்சிருக்குது."

அப்போது நாடாவில் ஒரு பெண்குரல் வந்தது. மற்றவர்கள் சேர்ந்து கத்தினார்கள், இவள் தனியாகக் கத்தினாள். சினிமாவுக்காகக் கத்தியது போலவே இல்லை. ஒரே பெயரை மறுபடி மறுபடி கூப்பிட்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது பின்னால் தெரியும்.

அப்பா ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார்.

"அந்தப் பேருல யாரும் சாகலையே" என்றார்.

"நல்லாக் கேளுங்கப்பா."

"கேட்டுட்டேன். அப்படி ஒருத்தரு சாகல." எழுந்துவிட்டார். "மழ வருது. மெளகு காயப் போட்டது கெடக்குது."

வெளியே மழை இல்லை. பனிமூட்டம்கூட இல்லை, நல்ல வெயில். அவர் அதற்குப் பிறகு ஹெட்போனைத் தொடவில்லை.

3. டீசர்

ரசிகர்களைச் சும்மா காக்க வைக்க முடியாது, ஏதாவது காட்ட வேண்டும். அன்வர் ஒரு டீசர் செய்தான். இருட்டுத் திரை, மழைச் சத்தம், பிறகு அந்தப் பெண்குரல் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறது. படம் எதுவும் கிடையாது. குரலைப் பிரித்தெடுத்து, ஓரத்து இரைச்சலைத் துடைத்து, பக்கத்தில் நின்று கூப்பிடுவது போலக் கொண்டுவந்தது என் வேலை. நன்றாகவே செய்தேன்.

குரூப் கொதித்தது. அந்தப் பெயர் கதாநாயகியின் தொலைந்துபோன தங்கையுடையது என்றார் ஒருவர். வெட்டப்பட்ட ஒரு காட்சியில் அவள் வருவாள் என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். மலேசியாவிலிருந்து ஒருவர், டீசரைக் கேட்டதும் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டதாக எழுதினார். குணசேகரன் அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டார். மற்றவர்களும் வைத்தார்கள். அதற்குள் டிஸ்க்குகள் அச்சாகிப் பெட்டி பெட்டியாகக் கடைக்கு வந்துவிட்டன. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

4. படகுத் துறையில்

டிஸ்க் கைக்கு வருவதற்கு முன்னால் படம் எடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ரசிகர்கள் ஒரு வேனில் வந்தார்கள். நான் கூடப் போனேன். தேவனூர்ப் பக்கம் சரிவைக் காட்டிவிட்டு, வாசலூர்பட்டியில் படகுத் துறைக்கு வந்தோம். மத்தியானம்தான், ஆனால் மூட்டம் இறங்கியிருந்தது. ஏரியின் அந்தக் கரை தெரியவில்லை. படகுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு அன்னாசிப்பழக் கடையின் முன்னால் நின்றோம். உள்ளே யாரோ பழம் சீவும் சத்தம் கேட்டது.

குணசேகரனின் போன் அடித்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று எடுக்காமல் விட்டார். மழை பெய்தது, பிறகு அந்தக் குரல் அந்தப் பெயரைக் கூப்பிட்டது.

"ஓ... வாரேம்மா!" என்று கடைக்குள்ளிருந்து பதில் வந்தது.

சிறு பிள்ளை சொல்வது போலிருந்தது. ஆனால் கத்தியோடு வெளியே வந்த பெண்ணுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களை அவர் பார்க்கவே இல்லை. மூட்டத்துக்குள் ஏரி இருந்த பக்கம் பார்த்தபடி நாலு எட்டு நடந்தார்.

"அக்கோவ், உங்களைக் கூப்புடல, என்னையக் கூப்புடறா என்ற ஊட்டுக்காரி" என்றார் குணசேகரன். எல்லாரும் சிரித்தார்கள். போன் மறுபடி அடித்தது. அந்த அம்மா திரும்பி, குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொண்டு, கத்தியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் போனைப் பொத்தினார்.

"அமத்துங்க சாமி. அமத்திப் போடுங்க."

கைக்குள்ளிருந்தும் அது கூப்பிட்டது. குணசேகரனுக்குச் சிரிப்பு போய்விட்டது. எப்படியோ அணைத்தார்.

அந்த அம்மா என்னிடம் மட்டும் பேசினார். நான் மலைக்காரன் என்பது முகத்திலேயே தெரிந்திருக்கும். "நீ எந்த ஊடு கண்ணு?" என்றார். சொன்னேன். கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அவரைச் சரசு என்று எழுதுகிறேன், இது நான் மாற்றிய பெயர்தான்.

"அது எங்கம்மா குரலு. அந்தப் பேரு என்ற பேருதான்" என்றார். "படம் எடுத்தப்ப நடக்கத் தெரிஞ்ச வயசு எனக்கு. கொட்டாயில படுக்க வெச்சிட்டு அம்மா சினிமாவுல ஓடப் போயிருக்குது. லாரியில இருந்து கொட்டுன சேறு கொட்டாய்ப் பக்கம் திரும்பிருச்சு. நான் அடியில போயிட்டேன்னு நெனச்சு என்ற பேரைச் சொல்லிக் கத்திருச்சு. எல்லாரும் செத்தவங்களைக் கூப்புட்டுட்டு இருக்கறப்ப, அவங்களுக்கு நடுவுல என்னையும் கூப்புட்டுருச்சு."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா?"

"ஆகல. ஆனாப் பேரு செத்தவங்களோட போயிருச்சே! அன்னைக்கே எட்டுக்கை அம்மன் கோயில்ல வேற பேரு வெச்சாங்க. பழைய பேரைச் சொல்லி யாரும் கூப்புடக் கூடாது. எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லல. இப்பச் செத்த பொறவு கூப்புடுது. நானும் 'ஓ'ன்னுட்டேன்." என் முழங்கையைப் பிடித்தார். கை ஈரமாக, அன்னாசி வாசனையோடு இருந்தது. "இது எத்தனை ஊட்டுக்குப் போகுது சாமி? அத்தனை ஊட்டுல இருந்தும் என்னையக் கூப்புடுமா?"

டிஸ்க்குகள் கடையில் பெட்டி பெட்டியாகத் தயாராக இருந்தன.

5. பாய் சொன்னது

அன்று மலையிலிருந்து இறங்கியதும் நேராகக் கடைக்குத்தான் போனோம். நான் நடந்ததைச் சொன்னேன். குணசேகரன் வேனிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"பாவந்தான் பாய், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு சத்தங்கூடக் குறையாதுன்னு நீங்கதான விளம்பரம் போட்டீங்க? ஏற்கெனவே ஆளாளுக்கு வெட்டித்தான் இந்தப் படம் இப்படி ஆச்சு. நீங்களும் வெட்டுனா நாங்க எதுக்கு இத்தனை வருஷம் காத்திருந்தோம்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பாயும் மறுக்கவில்லை. பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நெற்றியைத் தேய்த்தார். அன்வர், "மாமா, அனுப்பிட்டு அடுத்த பதிப்புல பார்த்துக்கலாமே" என்றான்.

"நாம உரிமை வாங்கியிருக்கறது படத்துக்கு" என்றார் பாய். "நடிச்சவங்க, பாட்டு, சண்டை எல்லாம் நம்ம பத்திரத்துல வருது. அந்தம்மா பேரை எவன் நமக்கு வித்தான்? நமக்கு விக்காத சரக்கை நான் எப்படி ஊருக்கு விக்கறது?"

குணசேகரன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீசரை நீக்கிவிட்டோம். எத்தனை போனில் அந்தக் குரல் இன்னும் இருக்கிறது என்று தெரியாது.

6. குரலுக்கு அடியில்

ஒலி வேலையில் குரல் திரையில் கோடு கோடாகத் தெரியும். சரசு அக்காவின் அம்மா குரலின் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழித்த இடம் குழி விழாமல் இருக்க மழைச் சத்தத்தைக் கொண்டுவந்து மூடுவது வழக்கம். மூடுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

அம்மா இருந்த இடத்தில், வெகு தூரத்திலிருந்து, ஒரு குழந்தை "ஓ..." என்றது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். அறையில் அன்வர் டீ குடித்துக்கொண்டிருந்தான். மறுபடி மாட்டிக் கேட்டேன், இருந்தது. அம்மா கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் குழந்தை பதில் சொல்லியிருக்கிறது. அவளுடைய குரலே அதை மறைத்திருக்கிறது.

அதை என்ன செய்வது என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை. மலையேறிப் போய்ச் சரசு அக்காவையே கேட்கவைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது இருக்கட்டும்" என்றார். "உசுரோட இருந்து நான் சொன்னது இது. இதை அழிக்காத."

"உங்கம்மா குரலு இன்னும் சிலரு போன்ல இருக்கும் அக்கா."

"கூப்புட்டாக் கூப்புடட்டும். அன்னைக்கே பதில் சொல்லிட்டேனாட்ட இருக்குது. இனி சொல்ல மாட்டேன்."

இப்போது வெளிவந்திருக்கும் டிஸ்க்கில் கிளைமாக்ஸில் மழை பெய்கிறது, எங்கள் ஊரில் செத்தவர்களை எல்லாரும் கூப்பிடுகிறார்கள், நடுவில் யாரும் கூப்பிடாமல் ஒரு குழந்தை பதில் சொல்கிறது. அந்தக் குழந்தை யார் என்று குரூப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் சொல்வதில்லை.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். பழைய நாடாவில் ஒரு குரலைத் தெளிவாக்குவதற்கு முன், அது யாருடையது, யாரைக் கூப்பிடுகிறது என்று அந்த ஊருக்குப் போய் விசாரித்துவிட வேண்டும். இரைச்சலும் சில சமயம் ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

அச்சான பெட்டிகளை அழித்ததும், புதிதாக அச்சடித்ததும், விலகிப்போன ரசிகர்களுக்கு, டிஸ்க்குக்கு அவர்கள் கட்டிய முன்பணத்தைத் திருப்பியதும் சேர்த்து, பாய்க்கு ஆன செலவு இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் ரூபாய்.