சோடாவுக்கு நிற்காத டிராம்

போன வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் கைக்குழந்தையோடு திருச்செங்கோட்டிலிருந்து சென்னைப் பட்டணம் பார்க்கப் போயிருந்தோம். ஜட்கா வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று எங்கும் டிராமில்தான் சுற்றினோம்.

மயிலாப்பூர் போகும் வழியில் டிராம் ஒரு கடை எதிரே நின்றது. "ஒரு சோடா குடிச்சுட்டு வாரேன் புள்ள" என்று அவர் இறங்கிவிட்டார். நானும் தடுக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து சங்ககிரி போகும் பஸ்ஸில், இறங்கினவர் காபி குடித்து வெற்றிலை போட்டு வரும்வரை டிரைவர் காத்திருப்பார். இந்த டிராமோ மணியடித்துக் கிளம்பிவிட்டது!

"நிறுத்துங்க சாமி, எங்கூட்டுக்காரரு கீழ இருக்கறாருங்க!" என்று கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கியிருந்த சத்திரத்துக்கு எனக்கு வழி தெரியாது. குழந்தை வேறு வீரிட்டது.

கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர், "எறங்கும்மா" என்றார்.

"மாட்டனுங்க. தண்டவாளத்த உட்டு இது எங்கீங்க போயிரும்? வந்த வழியேதான திரும்பி வரோணும்?" என்று உட்கார்ந்தே இருந்தேன்.

அப்படியே வண்டி திரும்பிக் கிளம்பியது. ஆனால் அவர் என்னைத் தேடி அடுத்த டிராமில் ஏறியிருந்தால்? எதிரே வந்த ஒவ்வொரு டிராமிலும் அவர் தலைப்பாகையைத் தேடிக் கழுத்தே வலித்துவிட்டது.

நல்லவேளை, மனிதர் அதே கடை வாசலில் முகம் வெளுத்து நின்றிருந்தார். "ஏம்புள்ள, வண்டிய நிறுத்தச் சொல்லக் கூடாதா?" என்று என்னையே கேட்டார்!

இப்போதெல்லாம் எங்கள் ஊர் பஸ்ஸில்கூட அவர் இறங்கினால், நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே இறங்கிவிடுகிறேன். டிரைவர் சிரிக்கிறார். அவருக்கென்ன, சிரிக்கட்டும்.