தாளுக்குள் அடங்கிய பாதை

அந்தச் சக்கர நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலம். என் கல்யாணத் தேதியைக்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். இந்த அளவை எப்போது கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பாளையங்கோட்டையில் ஓர் இன்ஜினியரின் அலுவலகத்தில் எனக்குப் படம் வரையும் வேலை. சிவில் டிப்ளமோ முடித்திருந்தேன். திருநெல்வேலி வட்டாரத்திலேயே கம்ப்யூட்டரில் பிளான் போடத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் இன்ஜினியர் சொல்வார். அது உண்மையா என்று நான் விசாரித்ததில்லை. நம்புவதற்கு வசதியாக இருந்ததால் நம்பிக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் ஏழெட்டு பிளாப்பிகளோடு வந்தார். தோட்டம் வரைவதற்கென்றே உள்ள மென்பொருள், மதுரையில் ஒரு நண்பரிடம் பிரதி எடுத்தது. "இனிமே வீட்டுக்கு மட்டுமில்ல, தோட்டத்துக்கும் படம் போடுதோம்" என்றார். அதிலிருந்த மரங்களெல்லாம் பனி பெய்யும் நாட்டு மரங்கள். வாழையும் தென்னையும் முருங்கையும் கிடையாது. மேலிருந்து பார்த்தால் வாழை எப்படித் தெரியும் என்று அறிய மொட்டை மாடியில் ஏறிப் பக்கத்து வீட்டு வாழையைப் பார்த்துவிட்டு வந்து வரைந்தேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

முதல் தோட்டம் ஸ்ரீவைகுண்டத்தில் அமைந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாளும், தாலுகா ஆபீசில் வேலை பார்த்த அவர் கணவரும் மட்டும் இருந்த வீடு. மகன் வெளியூரில் வேலையில் இருந்தான். வீட்டுக்குப் பின்னால் நூற்றிருபதடி நீளத்துக்கு வாழைத் தோட்டம். அதன் கடைசியில் தரை சரிந்து, வாய்க்கால். டீச்சர் நாற்பது வருஷம் அந்த வாய்க்காலில்தான் குளித்தவர். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. எட்டு மாதமாக நாற்காலியில், வீட்டுக்குள்ளேயே.

"குளிக்கவெல்லாம் வேண்டாம் பிள்ள. ஓரத்துல உக்காந்து தண்ணி ஓடுதத பாத்தாப் போதும்" என்றார். வாய் கொஞ்சம் கோணியிருந்ததால் ஒவ்வொரு சொல்லையும் பையப் பையத்தான் சொல்வார்.

அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாமே என்று நான் கேட்டேன். தோட்ட வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். டீச்சர் சிரித்தார்.

"என்னையத் தூக்கிட்டுப் போகதுன்னா அது ஒரே ஒரு தடவதான். அதுக்கு இன்னும் நாள் கிடக்கு."

அப்போது மாசி மாதம். பங்குனி முடியும்போது வாய்க்காலை அடைத்துவிடுவார்கள். பிறகு ஆனியில்தான் தண்ணீர் வரும். அடைப்பதற்குள் பாதை முடிய வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கேட்டது. நான் டேப்பை வைத்து நாற்காலியை அளந்தேன். இருபத்தாறு. தள்ளுகிறவர் கை இடிக்காமல் இருக்க மூன்றடி அகலத்தில் சிமெண்டுப் பாதை. கடைசிச் சரிவில் நாற்காலி விலகிவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் ஓரடி உயரத்துக்குச் சின்னச் சுவர். சுவர் என் யோசனை. "விழுந்தாலும் தண்ணிலதான விழுவேன்" என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

அளந்து வந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்றே சனி பிடித்தது. அந்த மென்பொருள் மில்லிமீட்டரில் கணக்குப் போடுவது. நான் அடியில் அளந்தவள். தோட்டம் முழுவதும் தீப்பெட்டி அளவுக்கு வந்து நின்றது. அதைப் பெருக்கிச் சரி செய்தால், கோடுகள் பெரிதாகின, அளவு எழுதிய எண்கள் கடுகாகக் கிடந்தன. எண்களைப் பெரிதாக்கினேன். வீட்டையே மறைத்துக்கொண்டு ஒரு '3' எழுந்து நின்றது. ஓரிடத்தில் மாற்றினால் இன்னோர் இடத்தில் கலைந்தது. பிரதி எடுத்த சரக்குக்கு விளக்கப் புத்தகம் ஏது? மதுரை நண்பருக்கு எஸ்.டி.டி. போட்டுக் கேட்டோம். "அப்படி வராதே" என்றார். வருகிறது என்றோம். "வராதே" என்று மறுபடியும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஐந்து நாள் அந்தத் திரையோடு மல்லுக்கட்டினேன். ஆறாவது நாள் எரிச்சலில், எண்கள் எல்லாவற்றையும் தனி அடுக்கில் தள்ளி, அந்த அடுக்கையே கண்ணில் படாதபடி அணைத்து வைத்தேன். படம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. எண் இல்லாவிட்டால் என்ன? மூலையில் 'கால் அங்குலம் = ஓர் அடி' என்று போட்டிருக்கிறேன், ஸ்கேலை வைத்து அளந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அச்செடுக்கும் கடையில் பெரிய தாள் தீர்ந்திருந்தது. அதில் பாதி அளவுள்ள தாள்தான் இருந்தது. படத்தின் விளிம்புகள் வெளியே போயின. 'தாளுக்குள் அடக்கு' என்று திரையில் ஒரு கட்டம் இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்தேன். அழகாக அடங்கியது. அடக்கினால் சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஆறு நாளில் முதல் தடவையாக அந்த இயந்திரம் நான் சொன்னதைக் கேட்டது. அந்தச் சந்தோஷத்தில் மூலையில் இருந்த கால் அங்குலத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை தொடங்கிய இரண்டாம் நாள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கொத்தனார் போன் செய்தார். படத்தில் உள்ள நீளத்துக்கு இழுத்தால் பாதை வாய்க்கால் வரை வரவில்லை, என்ன செய்ய என்று கேட்டாராம். இன்ஜினியர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் படம் சார். தப்பு வராது. அவருக்கு ஸ்கேல் பிடிக்கத் தெரியல. நீளத்துக்கு வாய்க்கால் வரைக்கும் கயிறு கட்டி இழுத்துக்கிடச் சொல்லுங்க, மத்ததெல்லாம் படத்துல உள்ளபடியே செய்யச் சொல்லுங்க."

இதைச் சொன்னது நான்தான். என் சத்தம்கூட இன்னும் என் காதில் இருக்கிறது.

பங்குனிக் கடைசியில், வாய்க்காலை அடைப்பதற்கு நாலு நாள் முன்னால், எங்களை வரச் சொன்னார்கள். டீச்சருக்குத் தலை சீவி, புதுச் சேலை உடுத்தி உட்கார வைத்திருந்தார்கள். கணவர் தள்ள, நாற்காலி வாழைகளுக்கு நடுவே போனது. சமதளத்தில் சுவர் இல்லாததால் சக்கரம் சிமெண்டின் இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டே ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. சரிவு தொடங்கும் இடத்தில், இரண்டு சுவர்களும் ஆரம்பிக்கும் வாயில், நாற்காலி இடித்து நின்றது. கணவர் பின்னால் இழுத்து மறுபடி தள்ளினார். மறுபடியும் இடித்தது. தண்ணீரின் சத்தம் கேட்டது. வாழை இலைகளுக்கு அப்பால் தண்ணீர் கண்ணில் படவில்லை.

"என்ன வே இது? எத்தன அடி வச்சீரு?" என்று இன்ஜினியர் கொத்தனாரைப் பிடித்துக்கொண்டார்.

"படத்துல உள்ளபடிதான் சார் வச்சிருக்கு. அங்கன அளந்துதான் இங்கன வச்சேன்."

"படத்துல மூணடிய்யா. கண்ணு தெரியலையா உமக்கு?"

நான் கொத்தனார் கையிலிருந்த தாளை வாங்கி ஸ்கேலை வைத்தேன். முக்கால் அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலத்துக்குச் சற்றே கூட. இரண்டடி ஓரங்குலம். எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. தாளைச் சுருட்டிக்கொண்டேன். கொத்தனார் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

"விடுங்க. ஆனிக்குப் பாத்துக்கிடலாம்" என்றார் டீச்சர். நாற்காலியை வீட்டுப் பக்கம் திருப்பக்கூட இடம் போதவில்லை. அவரைப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனார்கள். வாய்க்கால் இருக்கும் திசையைப் பார்த்தபடியே போனார்.

பஸ்ஸில் வரும்போது இன்ஜினியரிடம் உண்மையைச் சொன்னேன். "வெளிய சொல்லிக்கிடாத" என்றார். சுவரை இடித்துக் கட்ட ஒரு வாரம் போதும், ஆனிக்கு இரண்டு மாதம் இருக்கிறது என்றார். ஆனால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆள் விட்டுக் கேட்டதற்கு, அளவை எழுத்தில் போட்ட படம் வந்தால்தான் இனிமேல் கை வைப்பேன் என்று சொல்லி அனுப்பினார். நியாயம்தான். நான் பேச முடியுமா?

எனவே மறுபடியும் அந்தக் கடுகு எண்களிடம் போனேன். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. எண் தெரிந்தால் கோடு உடைந்தது. கோடு சேர்ந்தால் எண் தலைகீழானது. திரையில் சரியாக இருந்தது தாளில் வேறாக வந்தது. ஒரு நாள் மென்பொருளையே அழித்து மறுபடி ஏற்றினேன். நான் வரைந்த வாழைகளெல்லாம் போய்விட்டன. கண்ணை மூடினால் அந்த '3' வரும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்த் திரை முன்னால் உட்கார்வேன். உருப்படாதவள் என்று என்னை நானே வைதுகொண்டிருந்தேன். டீச்சர் வீட்டுக்கு ஒரு போன் போட்டு எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. படம் முடிந்ததும் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஆனி பிறந்து சில நாளில் எண்கள் சரியாக வந்தன. எப்படி வந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரிய தாளில், கால் அங்குலத்துக்கு ஓர் அடியாக, அச்சு வந்தது. பாதைக்குக் குறுக்கே தெளிவாக: மூன்றடி. சுருட்டி எடுத்துக்கொண்டு அன்றே பஸ் ஏறினேன். வழியில் வாய்க்கால்களில் புதுத் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது.

தெரு முனையிலேயே சங்குச் சத்தம் கேட்டது. அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் டீச்சருக்கு இரண்டாம் தடவையாக வாதம் வந்ததாம். அன்று காலையில்தான், தண்ணீர் வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பின்வாசலில் போய் நின்றேன். நீர்மாலை எடுக்கப் போயிருந்தார்கள். கடைசியாகக் குளிப்பாட்ட, மகனும் சொந்தக்காரர்களும் வாய்க்காலில் முங்கிக் குடத்தில் தண்ணீர் மொண்டு, மேலே வேட்டியை விரித்துப் பிடித்த நிழலில் வரிசையாக வருவார்கள். எங்கள் பக்கத்து வழக்கம். குடம் எடுத்தவர்கள் என் பாதையில், இரண்டு சுவருக்கும் நடுவே, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வேட்டியின் நான்கு முனையையும் பிடித்தவர்களுக்கு அதில் இடமில்லை. அவர்கள் சுவருக்கு வெளியே சேற்றில் காலை வைத்து, சறுக்கிச் சறுக்கி ஏறினார்கள். அதில் ஒருவர் கொத்தனார்.

தண்ணீரை உள்ளே கொண்டு போன பிறகு அவர் காலைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். கையிலிருந்த சுருளைப் பார்த்தார். நீட்டினேன். நின்றபடியே விரித்து, விரலால் பாதையைத் தேடி, எண்ணைப் படித்தார்.

"மூணடி" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. "இத அன்னைக்குப் போன்லயே வாயால சொல்லிருக்கலாமேம்மா."

தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் போனார்.