ஒற்றைச் சாவிப் பூட்டு

சூர்யகலாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இது தெரியாமல் அவளிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் நிறையப் பேர். சின்னாளபட்டியில் கைத்தறி நெய்கிற வீட்டில் பிறந்தவள். ஐடிஐயில் எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்தபோது வகுப்பில் இருபத்திரண்டு பையன்கள், இவள் ஒருத்தி. "பொம்பளப் புள்ளைக்குக் கரண்டு வேலை எதுக்கு?" என்று கேட்ட மாமா வீட்டு மிக்சியைத்தான் முதன்முதலில் பழுது பார்த்துக் கொடுத்தாள். மாமா அதன் பிறகு வேறு கேள்விகள் கேட்டார், அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

படிப்பு முடிந்ததும் ஓர் ஆலையில் பராமரிப்பு வேலை. பதினோரு வருடம் பார்த்தாள். அதில் ஏழாவது வருடம், ஒரு பிற்பகல், காய்ந்த மர ஸ்டூலில் ஏறி நின்று மின்பெட்டி ஒன்றைத் திறந்து டெஸ்டர் வைத்தாள். விளக்கு எரியவில்லை. கரண்டு இல்லை என்று இடது கையை இரும்புப் பெட்டியில் ஊன்றிக்கொண்டு வலது கையால் கம்பியைத் தொட்டாள். கரண்டு இருந்தது. டெஸ்டர் எரிய வேண்டுமானால் பிடித்திருப்பவர் உடம்பு வழியாகத் துளி மின்சாரம் தரைக்கு இறங்க வேண்டும். மர ஸ்டூல் அதை மறித்துவிட்டது. கை ஊன்றிய இரும்புப் பெட்டி மறிக்கவில்லை. உயிர் தப்பினாள். இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் அன்றிலிருந்து மடங்குவதில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை யாரும் தனக்குச் சொல்லித் தரவில்லையே என்ற ஆத்திரம். நான்கு வருடம் அதை மனதுக்குள் வைத்திருந்துவிட்டு, போன சித்திரையில் வேலையை உதறினாள். ஆலை ஆலையாகப் போய்ப் பராமரிப்புத் தொழிலாளிகளுக்கு ஆறு நாள் பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்தாள். முதல் வாய்ப்பு வேடசந்தூர் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையில் கிடைத்தது. அங்கே மேலாளர் கமலக்கண்ணன் நல்லபடியாக எழுதினால் அதே முதலாளியின் மற்ற மூன்று ஆலைகளிலும் பயிற்சி. அவர் உதட்டைப் பிதுக்கினால் சூர்யகலா பழைய ஆலையின் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

பயிற்சிக்கு அவள் கொண்டுபோன முக்கியமான சாமான் ஒன்பது பூட்டுகள், தொழிலாளிகளுக்கு எட்டு, தனக்கு ஒன்று. நாகல் நகரில் இஷாக் பாய் கடையில் சொல்லிச் செய்தவை. "ஊரே ரெண்டு சாவி, மூணு சாவி கேக்குது. நீங்க ஒத்தச் சாவி கேக்குறீங்களேம்மா" என்று சிரித்தார் பாய். ஆனாலும் கேட்டபடியே செய்து கொடுத்தார்.

முதல் நாள் எட்டுப் பேரையும் நிற்க வைத்து ஆளுக்கொரு பூட்டு, பெயர் எழுதிய சிவப்புப் பிளாஸ்டிக் அட்டையோடு கொடுத்தாள். "மிஷினுக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைச்சு, இந்தக் கொக்கியில உங்க பூட்டை மாட்டணும். நாலு பேர் இறங்குனா நாலு பூட்டு. வெளிய வந்து அவங்கவங்க பூட்டை அவங்கவங்கதான் எடுக்கணும். ஒரு பூட்டு தொங்குனாலும் சுவிட்சப் போட முடியாது."

"நல்ல கனமான பூட்டு டீச்சர். எங்கம்மா பாத்தா கோழிக்கூண்டுக்குப் போட்ருவாங்க" என்றான் ஆல்வின். முப்பது வயது, கெட்டிக்காரன், வாய் மட்டும் ஓயாது. எல்லோரும் சிரித்தார்கள். சூர்யகலாவும் சிரித்துவிட்டாள்.

கமலக்கண்ணன் சிரிக்கவில்லை. "எல்லாத்துக்கும் டூப்ளிகேட் சாவி ஆபீஸ்ல குடுத்துருங்க மேடம்" என்றார்.

"டூப்ளிகேட்டே கிடையாது சார்."

"அவசரத்துக்கு?"

"அவசரத்துக்காகத்தான் கிடையாது."

அவர் முகம் அப்போதே கொஞ்சம் சுருங்கியது.

நான்கு நாள் நன்றாகவே போயின. மூத்த தொழிலாளியான பொம்மையன் மட்டும் கரண்டு இருக்கிறதா என்று புறங்கையால் கம்பியைத் தட்டிப் பார்க்கும் பழைய பழக்கத்தை விடமாட்டேன் என்று முதலில் அடம் பிடித்தார். மூன்றாம் நாள் சூர்யகலா தன் இடது கையை அவர் முன்னால் நீட்டினாள். பொம்மையன் அந்த விரல்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சரி தாயி" என்று மீட்டரைக் கையில் எடுத்தார்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. நூல் காய்ந்து அறுந்துவிடாமல் இருக்க ஆலைக் கூடத்துக்குள் ஈரக்காற்றைத் தள்ளும் பெரிய விசிறியில் அன்றைக்குச் செய்முறை. ஆள் உயர விசிறி. சிமென்டில் கட்டிய ஒரு நீண்ட குகையறைக்குள் நிற்கும். உள்ளே நான்கு பேர், வெளியே கேபிள் சோதனைக்கு ஆல்வின் உட்பட நான்கு பேர். உள்ளே இறங்கிய நால்வரும் ஒழுங்காகப் பூட்டு மாட்டினார்கள். பன்னிரண்டரைக்கு வேலை முடிந்தது. வருகைத் தாளில் கையெழுத்துப் போட சூர்யகலாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் கேன்டீனுக்குக் கிளம்பினார்கள்.

அவள் திரும்பி வந்தபோது சுவிட்சுப் பெட்டியின் முன்னால் கமலக்கண்ணன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் இரும்பு அறுக்கும் ரம்பத்தோடு. கொக்கியில் ஒரே ஒரு பூட்டு தொங்கியது. சிவப்பு அட்டையில் பொம்மையன் என்று எழுதியிருந்தது.

"மேடம், பொம்மையன் அரை நாள் லீவு சொல்லிட்டுப் போயாச்சு. பன்னெண்டு நாப்பதுக்கு கேட்டுல கையெழுத்துப் போட்ருக்காரு. பூட்டை மறந்துட்டாரு. அறுத்துருவோம்."

"உள்ள பாத்தீங்களா சார்?"

"டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு, கூப்பிட்டும் பாத்தாச்சு. ஈ காக்கா இல்ல. அங்க நூல் அறுந்து கொட்டுது, பொம்பளைங்க ஒட்டவைக்க முடியாமத் திணறுறாங்க. சாயங்காலம் லோடு போகணும்."

சூர்யகலா தறி வீட்டுப் பெண். நூல் அறுந்தால் அந்தப் பெண்கள் என்ன பாடுபடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? பூட்டின் சொந்தக்காரர் வெளியே போனதற்குக் கையெழுத்து இருக்கிறது. நியாயம் முழுக்க மேலாளர் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு ஏதோ இடித்தது. பொம்மையன் பிடிவாதக்காரர், மறதிக்காரர் இல்லை.

"செத்த நேரம் நில்லுங்க சார். பூட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுர்றேன்."

"ஒரு பூட்டுக்கு இம்புட்டு விசாரணையா? உங்க பயிற்சியப் பத்தி மேல எழுத வேண்டியது நான்தான், ஞாபகம் வச்சுக்கங்க."

"எழுதுங்க சார்" என்றாள். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். மணி வெகுநேரம் அடித்து, ஆட்டுச் சத்தத்தோடு பொம்மையன் குரல் வந்தது.

"தாயி, சட்டுனு சொல்லு, கெடா கயித்த இழுத்துக்கிட்டு ஓடுது!"

"எங்கண்ணே இருக்கீங்க?"

"ரெண்டு ஸ்டாப்பு தள்ளி, ஒரு தோட்டத்துல. நாளைக்குப் பேரனுக்குக் காதுகுத்துல்ல, ஆடு பாக்க வந்தேன்."

கமலக்கண்ணன் கையை விரித்துக் காட்டினார். ரம்பம் பூட்டின் வளையத்தில் உட்கார்ந்தது.

"அண்ணே, சாவி உங்ககிட்டதான இருக்கு?"

ஆடு மறுபடி கத்தியது.

"சாவியா? அத ஆல்வின்கிட்டல்ல குடுத்தேன். ஸ்பானர உள்ளயே வச்சுட்டு வந்துட்டேன் தாயி. பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீங்க போங்கண்ணே, உங்க பூட்டு அப்படியே இருக்கட்டும், நான் போய் எடுத்துட்டுத் தொறந்துக்கிறேன்னு சாவிய வாங்கிக்கிட்டான். அவன் பூட்டு வீட்டுல கெடக்காம். ஏன் தாயி கேக்குற?"

ரம்பம் வைத்திருந்தவர் சூடுபட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

சூர்யகலா ஓடவில்லை. தன் பைக்குள் கைவிட்டுத் தன் பூட்டை எடுத்தாள். பொம்மையன் பூட்டுக்குப் பக்கத்தில் அதை மாட்டிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் குகைக்குள் நுழைந்தாள்.

விசிறிக்குப் பின்னால், டார்ச் வெளிச்சம் எட்டாத வளைவில், ஆல்வின் குப்புறப் படுத்துக் கிடந்தான். பக்கத்து விசிறியின் இரைச்சலில் இடியே விழுந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது. தலை முழுக்கப் பஞ்சு. ஸ்பானரை எடுத்துவிட்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான்.

"டீச்சர், இந்த எர்த் வயர் லூசா இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே முறுக்கிட்டேன் பாருங்க."

அவன் தோள் விசிறியின் இறக்கையில் சாய்ந்திருந்தது. சூர்யகலாவுக்கு ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், அவன் காதருகே குனிந்து, "வெளிய வா ஆல்வின்" என்றாள். அவ்வளவு சன்னமான குரலை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. மறுபேச்சுப் பேசாமல் தவழ்ந்து வந்தான்.

வெளியே வந்து ரம்பத்தைப் பார்த்தபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. பொம்மையன் பூட்டில் சாவியை நுழைக்கப் பார்த்தான், இரண்டு முறை நழுவியது. யாரும் உதவிக்குப் போகவில்லை. அவனாகவே திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவன் திறந்தான். சூர்யகலா தன்னுடையதை எடுத்தாள். சுவிட்சைப் போட்டதும் விசிறி உறுமிக்கொண்டு கிளம்பியது.

"நான்தான் அறுக்கச் சொன்னேன்" என்றார் கமலக்கண்ணன், யாரையும் பார்க்காமல்.

"ஆமா சார்" என்றாள் சூர்யகலா. ஆறுதல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பிற்பகல் வகுப்பில் கடைசி பெஞ்சில் மேலாளரும் வந்து உட்கார்ந்தார். சூர்யகலா முதலில் தன் மேல்தான் குறை சொல்லிக்கொண்டாள். இந்த ஆலையில் ஸ்பானர் கைமாறும், டெஸ்டர் கைமாறும், சாம்பார் கைமாறும், பைக்கும் கைமாறும். அப்படிப் பழகிய மனிதர்களிடம், பூட்டை மட்டும் கூடப் பிறந்தவன் கேட்டாலும் தரக்கூடாது என்று முதல் நாளே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. இப்போது சொன்னாள். ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பயிற்சியின் கடைசி நாள். மற்ற மூன்று ஆலைகளுக்கும் தேதி குறிக்கச் சொல்லி கமலக்கண்ணன் காலையிலேயே போன் செய்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தோடு வந்த சூர்யகலாவை ஆலை வாசலில் வயதான ஒரு பெண் நிறுத்தினாள். பின்னால் ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நீதான தாயி டீச்சரு? நான் இவன் அம்மா, செபாஸ்தியம்மாள்." முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பூட்டையும் சாவியையும் எடுத்தாள். அழுத்திக் கழுவியிருந்தாலும் சிவப்பு அட்டையின் ஓரத்தில் ஒரு கோழி இறகு ஒட்டியிருந்தது. "கீரி கதவத் தள்ளிட்டு வருதுன்னு நான்தான் பொலம்புனேன். இந்தக் கிறுக்கன் இதக் கொண்டாந்து கூண்டுல போட்ருக்கான். நேத்துச் சோறு போடயிலதான் எல்லாத்தையும் சொன்னான். அதுக்கு மேல எனக்குச் சோறு எறங்கல."

சூர்யகலா அட்டையில் ஒட்டியிருந்த இறகை எடுத்துவிட்டாள்.

"இதுக்குச் சாவி ஒண்ணுதானாமே?"

"ஒண்ணுதாம்மா."

செபாஸ்தியம்மாள் மகனை இழுத்துக் குனிய வைத்தாள். அவன் கழுத்தில் சிலுவை தொங்கிய கறுப்புக் கயிற்றை அவிழ்த்து, சாவியையும் அதில் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, அவிழாது என்று உறுதியாகும்வரை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு பூட்டை அவன் கையில் வைத்து மூடினாள்.

"கோழி போனாப் போகுது. நீ உள்ள போ" என்றாள்.