வெயிலுக்குக் காற்றைக் குறைப்பவர்கள்

வேன் டயரை ரிம்மிலிருந்து கழற்றியதும் உள்ளேயிருந்து கருப்புத் தூள் கொட்டியது. பஞ்சர் கடையில் அதைவிடக் கெட்ட காட்சி கிடையாது. டயர் உள்ளுக்குள்ளேயே வெந்து அரைபட்டுவிட்டது என்று அர்த்தம். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். மே மாத வெயிலில் வண்டி ஓட்டுகிற உங்களுக்கும் இது நடந்திருக்கும், நீங்கள் உள்ளே பார்த்திருக்க மாட்டீர்கள். பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், முடிச்சூர் ரோட்டுக் கடையில் இதைத்தான் பார்க்கிறேன்.

பத்து வருச அனுபவம்

அந்த வேன் ரவி அண்ணாவுடையது. கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப் போவார். கத்தரி வெயில் தொடங்கினால் முதல் வேலையாக நாலு டயரிலும் காற்றை இறக்கச் சொல்வார். வெயிலில் காற்று விரியும், டயர் வெடிக்கும் என்பது அவர் கணக்கு. இந்த ரோட்டில் பாதிப் பேர் கணக்கு அதுதான். நடப்பது நேர் எதிர். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை அப்படியும் இப்படியும் வளைத்துப் பாருங்கள், கை சுடும். அந்தச் சூட்டில்தான் ரப்பர் வேகிறது.

தூளை அள்ளிக் காட்டி, இந்த டயர் வேண்டாம் என்றேன். சிரித்தார். எங்கள் ஓனர் தேவா அண்ணன் தூளைத் துடைத்து, உள்ளே ஒரு டியூபைப் போட்டு, அதையே பின்பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டார். கிளம்பும்போது ரவி அண்ணா சொன்னார்: "நேத்து பொறந்த பையன் நீ. பத்து வருசமா இப்டிதான் ஓட்டிகினு கீறேன், மூடிகினு வேலயப் பாரு."

நல்லா வேகட்டும்

பைக் டியூபில் ஒட்டுப் போட்டு ஹீட்டரில் வைத்து அழுத்துவோம். அளவான சூட்டில் ஒட்டும் டியூபும் ஒன்றாகிவிடும். ஒரு ஆபீஸ் சாருக்கு அது போதவில்லை. இன்னும் கொஞ்சம் விடு, ஸ்ட்ராங்கா இருக்கும் என்றார். முடியாது என்று சுவிட்சை அணைத்தேன். ஒரு ஆட்டோவுக்குக் காற்றடித்துவிட்டு வருவதற்குள் அவரே மறுபடி போட்டிருக்கிறார்.

எடுத்தால் டியூப் அல்வா மாதிரி பிசுபிசுக்கிறது. தொட்ட விரல் உள்ளே போனது. ஒருமுறை வெந்த ரப்பரை மேலும் வேகவைத்தால் இப்படித்தான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "ஸ்கூல ஒழுங்கா முடிச்சிருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்ல?"

சூடான டிபன் பாக்ஸ்

மறு வாரம் அதே வேன் முன் டயர் பஞ்சராகி வந்தது. எல்லாரும் இறங்கி நிழலில் நின்றார்கள். சல்மா அக்கா மட்டும் என்னிடம் வந்தார். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட் அவருடையது. காலுக்குக் கீழே தகரம் சுடுகிறது, அங்கே வைத்த டிபன் பாக்ஸும் சுடுகிறது, ரப்பர் நாற்றம் வருகிறது என்றார். நான் எழுந்து பின் டயரைத் தொட்டேன், கையை வைக்க முடியவில்லை. டிரைவரிடம் சொன்னீங்களா அக்கா என்று கேட்டேன்.

"சொன்னேன்ப்பா. 'சோறு சூடா கீதுல்ல, நல்லதுதானேம்மா'ன்றாரு."

பெருங்களத்தூர் தாண்டி

மூன்றாம் நாள் ரவி அண்ணாவிடமிருந்து போன் வந்தது. ஜாக்கியோடு ஓடினேன். அந்தப் பின் டயரின் மேல்தோல் நீளமாக உரிந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் கிடந்தது. உரிந்த வேகத்தில் அடித்து வேனின் தரைத் தகரத்தைக் கிழித்திருக்கிறது. சல்மா அக்காவை ஏற்கெனவே ஆட்டோவில் கொண்டுபோய்விட்டார்கள். கணுக்கால் எலும்பு நொறுங்கிவிட்டதாம். அவருடைய ஒரு செருப்பு வேனுக்குள்ளேயே இருந்தது.

உரிந்த தோலை எடுத்தேன். அடுக்கடுக்காகப் பிரிந்து கையோடு வந்தது. ரவி அண்ணா ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது, அவர் வாயைத் திறக்கும்வரை: "காத்து ஜாஸ்தியா இருந்துக்கீது தம்பி. இன்னும் கொஞ்சம் எறக்கியிருக்கணும்."

இன்னொரு பக்கம்

தகரத்தை வெல்டிங் வைத்து வேன் கடைக்கு வந்தது. பின்பக்கத்து இன்னொரு டயரைக் கழற்றினேன். அதே தூள். தேவா அண்ணனிடம் காட்டினேன். துடைத்துவிட்டு டியூப் போட்டு மாட்டு, காற்று கம்மியாக வை என்றார். இந்த டயருக்கு மேலே இருக்கிற சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று ரவி அண்ணாவைக் கேட்டேன். சல்மா அக்காவின் தங்கச்சியாம். அக்கா எழுந்து நடக்கும்வரை அவள்தான் அந்த வேலைக்குப் போகிறாள்.

தேவா அண்ணன் பாலிஷ் டப்பாவை என் பக்கம் தள்ளினார்: "கஸ்டமர் கேக்கறதக் குடுக்கறதுதான்டா தொழிலு. நீ இன்னா ஆர்டிஓவா? கருப்பா அடிச்சி மாட்டு."

துடைக்கச் சொன்னார், பாலிஷ் அடிக்கச் சொன்னார், மாட்டச் சொன்னார். நான் கத்தியை எடுத்து, இனி யாராலும் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ முடியாதபடி அந்த டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டேன்.